திரும்பி வராத விமானம்: ‘தற்கொலை ட்ரோன்’ எப்படி வேலை செய்கிறது?

போன கார்த்திகையில் வாடிப்பட்டிப் பக்கம் பெரியப்பா வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்திருந்தது. ஆறு கை, நடுவில் பத்து லிட்டர் டேங்க். மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு அக்கா ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்று ஓட்டினார். அது தாழப் பறந்து போகும்போது கீழே நெற்பயிர் வட்டமாகப் படிந்து, அது தாண்டியதும் சிலிர்த்து எழுந்தது. டேங்க் காலியானதும் தானாகவே திரும்பி, கிளம்பிய அதே மேட்டில் வந்து உட்கார்ந்தது.

பெரியப்பா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “ஏப்பா, டிவியில குண்டு போடுதுன்னு காட்டுறானே, அது இதேதானா?”

“குடும்பம் ஒண்ணுதான் பெரியப்பா. ஆனா அது வேற மாதிரி” என்று இழுத்தேன்.

அவர் சும்மா கேட்கவில்லை. சின்ன மகன் அபுதாபியில் முசாஃபா என்ற இடத்தில் வெல்டராக இருக்கிறான். 2022 ஜனவரி 17 அன்று ஏமன் நாட்டின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் ஏவிய ட்ரோன்களும் ஏவுகணைகளும் தாக்கியது அதே முசாஃபாவைத்தான். எண்ணெய்க் கிடங்கில் டேங்கர் லாரிகள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பேர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். மூவருமே பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர்கள்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெயர். நாளிதழ்கள் ‘தற்கொலை ட்ரோன்’ என்கின்றன. சிலர் ‘காமிகேஸி ட்ரோன்’ என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானிகள் விமானத்தோடு போய்க் கப்பல்களில் மோதினார்கள். அதில் ஒரு மனிதன் செத்தான். இதில் உள்ளே யாரும் இல்லை. சாவது கீழே இருப்பவர்கள். ‘போனால் வராத வெடி விமானம்’ என்று சொன்னால் பொருள் சரியாக வரும். ஆனால் பழகிப்போன பெயரை மாற்ற முடியாது என்பதால் ட்ரோன் என்றே எழுதுகிறேன்.

‘போனால் வராது’ என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே பெரிய விஷயம். மற்றதெல்லாம் அதிலிருந்தே பிறக்கிறது.

கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறது. எவர்சில்வர் தட்டு வாங்கினால் கனமாக இருக்க வேண்டும், நசுங்கக் கூடாது, கழுவ ஆள் வேண்டும், எண்ணி அடுக்கி வைக்க இடம் வேண்டும். பேப்பர் பிளேட் என்றால் ஒரு சாப்பாட்டுக்குத் தாங்கினால் போதும். போர் விமானம் எவர்சில்வர் தட்டு. முப்பது வருடம் உழைக்க வேண்டும், விமானியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். போனால் வராத ட்ரோனுக்குச் சக்கரம் வேண்டாம், ஓடுபாதை வேண்டாம், விமானிக்கு இருக்கை வேண்டாம், திரும்பி வர எரிபொருள் வேண்டாம். எஞ்சின் சில மணி நேரம் ஓடினால் போதும். நூறாவது மணி நேரத்தில் என்ன ஆகும் என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொன்றாக ‘வேண்டாம்’ என்று கழித்துக்கொண்டே போனால் விலை தரைக்கு வந்துவிடுகிறது.

இந்த வகையில் இன்று உலகம் அதிகம் பேசுவது ஈரானின் ஷாஹெட்-136. ஷாஹெட் என்றால் பாரசீகத்தில் ‘சாட்சி’ என்று பொருள். உக்ரைன் மீது போர் தொடுத்த ரஷ்யா தன் நாட்டிலேயே இதைத் தயாரிக்கத் தொடங்கி ‘கெரான்-2’ என்று பெயர் வைத்தது. அது ஒரு பூவின் பெயர். நீளம் சுமார் மூன்றரை மீட்டர். நம் தெருவில் தண்ணீர் கேனும் வீட்டுச் சாமானும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறதே குட்டி யானை, அதைவிடக் கொஞ்சம் குட்டை. முக்கோண வடிவில் இறக்கை, மூக்குப் பக்கம் வெடிமருந்து, பின்னால் தள்ளிவிடும் காற்றாடி. மொத்த எடை சுமார் 200 கிலோ, அதில் வெடிப்பகுதி 50 கிலோவை ஒட்டி. வேகம் மணிக்கு 185 கிலோமீட்டர் அளவில். ஒரு பயணிகள் ஜெட் விமானம் போகும் வேகத்தில் இது கால்வாசிகூட இல்லை.

இதன் எஞ்சின் சத்தத்தை வைத்து உக்ரைன் மக்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் ‘மொபெட்’. மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விடிகாலை நாலு மணிக்குப் பால் கேனோடு டிவிஎஸ் 50 வரும்போது, தெருமுனை திரும்பும் முன்பே படுக்கையில் கிடந்தபடி காதில் விழுமே, அந்தக் கடகடப்பு. அதைக் கேட்டால் நாம் எழுந்து செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவோம். உக்ரைன் தலைநகர் கீவில் ஒரு தாய் அதே மாதிரிச் சத்தத்தைக் கேட்டால் பிள்ளைகளை எழுப்பிப் பாதாள ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். 2022 அக்டோபரில் இருந்து அங்கே இதுதான் இரவு.

சரி, உள்ளே விமானி இல்லை என்றால் வழி எப்படித் தெரியும்? நம் போனில் இருக்கும் அதே செயற்கைக்கோள் வழிகாட்டிதான் அடிப்படை. போக வேண்டிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கிளம்பும் முன்பே ஊட்டிவிடுகிறார்கள். அந்த சிக்னலை எதிரி குழப்பிவிட்டால் இன்னொரு ஏற்பாடு உண்டு. போனைச் சாய்த்தால் திரை தானாகத் திரும்புகிறதல்லவா, அதற்குள் அசைவை உணரும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதே மாதிரிக் கருவி, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்ந்தோம் என்று கணக்குப் போட்டு இப்போது இருக்கும் இடத்தை ஊகிக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு மீனாட்சியம்மன் கோவில் ஆடி வீதியைக் காலடி எண்ணியே சுற்றி வருவது போல. முதல் திருப்பம்வரை சரியாகப் போவீர்கள். நான்காவது வீதிக்குள் எங்கேயாவது சுவரில் முட்டுவீர்கள். அதனால்தான் சிக்னல் குழப்பப்பட்ட ட்ரோன்கள் குறி தவறிக் காட்டிலும் வயலிலும், சில நேரம் அடுக்குமாடி வீட்டிலும் போய் விழுகின்றன.

இப்படி இடத்தை மட்டும் ஊட்டி அனுப்பும் சாதாரண ஷாஹெட் அசையாத இடத்தைத்தான் தாக்க முடியும்: மின் நிலையம், கிடங்கு, கட்டடம். நகரும் லாரியைத் துரத்தத் தெரியாது. அதற்கு வேறு வகை இருக்கிறது. வானில் வட்டமடித்துக் காத்திருந்து, கேமரா வழியே மனிதர் ஒருவர் பார்த்து ‘இதுதான்’ என்று சொன்னதும் பாய்வது. பருந்து கோழிக்குஞ்சுக்கு வட்டமிடுவதைக் கண்ட எவருக்கும் இது புரியும். இஸ்ரேலின் ஹரோப் இந்த வகை. பல மணி நேரம் வானில் நிற்கும். 2020-ல் அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் 44 நாள் மோதிய நாகோர்னோ-கராபாக் போரில் இது ஆர்மீனியத் தரப்பின் வான்பாதுகாப்புக் கருவிகளையே தேடித் தேடி அழித்தது. உலகத்து ராணுவங்கள் பலவும் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

இந்தியாவிடமும் ஹரோப் உண்டு. உள்நாட்டில் நாக்பூரில் தயாராகும் நாகாஸ்திரா-1 என்பதும் இதே வகைதான், ஆனால் ஒரு வீரர் முதுகில் சுமந்து போகும் அளவு சிறியது. ட்ரோனின் எடை 9 கிலோ, அதில் வெடிப்பகுதி ஒரு கிலோ. அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இலக்கு கிடைக்கவில்லை என்றாலோ, அங்கே பொதுமக்கள் வந்துவிட்டார்கள் என்றாலோ, தாக்குதலை நிறுத்திப் பாராசூட்டில் இறக்கித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ‘வேண்டாம்’ என்று கழித்த பட்டியலில் இருந்து ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடும்தான். கூடட்டும்.

இவற்றைவிடச் சின்னது ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. கல்யாண வீடியோக்காரர்கள் பறக்கவிடுவதைப் போன்ற நாலு கை ட்ரோன். ஓட்டுபவர் கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ட்ரோனின் கேமரா காண்பது அப்படியே தன் கண்ணுக்கு வரும்; தானே அதில் உட்கார்ந்து பறப்பது போல. விலை ஐந்நூறு டாலர் அளவில், அதாவது நல்ல செல்போன் ஒன்றின் விலை. உக்ரைன் போர்முனையில் இரு தரப்பும் லட்சக்கணக்கில் இதைப் பயன்படுத்துகின்றன. ரேடியோ அலையைக் குழப்பினால் விழுந்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். உடனே பட்டத்துக்கு நூல்கண்டு விடுவது போல, முடியளவு மெல்லிய கண்ணாடி இழையைக் கிலோமீட்டர் கணக்கில் பின்னால் அவிழ்த்துவிட்டபடி பறக்கும் ட்ரோன்கள் வந்தன. இழை வழியே படம் வருகிறது. குழப்ப எதுவும் இல்லை. இதைத் தடுக்கச் சாலைகளுக்கு மேலே பந்தல் போட்ட மாதிரி மீன்வலையைக் கட்டி, அதற்குள் வண்டி ஓட்டுகிறார்கள். இருபத்தோராம் நூற்றாண்டின் ஆயுதத்துக்கு மீன்வலை!

உக்ரைனின் கெர்சன் என்ற நகரத்தில் ரஷ்யப் படையினர் இந்தச் சின்ன ட்ரோன்களைக் கொண்டு சைக்கிளில் போகிறவரை, கடைக்குப் போகிறவரை, ஆம்புலன்ஸைத் துரத்தித் தாக்கியிருக்கிறார்கள். ஐ.நா.வின் விசாரணை ஆணையம் 2025-ல் இதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றே சொன்னது. இயக்குபவருக்குக் கீழே போவது யார் என்று கேமராவில் தெரியும். தெரிந்தும் செய்தது அது.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். இந்த ஆயுதத்தின் உண்மையான பலம் வெடிமருந்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

ஆளில்லாமல் பறந்து போய் வெடிப்பது ஒன்றும் புதிதல்ல. 1944 ஜூனில் ஜெர்மனி லண்டன் மீது ஏவிய வி-1 அதே வேலையைத்தான் செய்தது. அதில் 850 கிலோ வெடிமருந்து இருந்தது. ஷாஹெட்டைவிடப் பல மடங்கு. வேகமும் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் குறி என்பது ‘லண்டனில் எங்கேயோ’ என்ற அளவில்தான். ஒரு தெருவைக் குறிவைக்கும் திறமை அந்தக் காலத்தில் அதற்கு இல்லை. இன்று அந்தத் திறமை டவுன்ஹால் ரோடு செல்போன் கடைகளில் விற்கும் போனுக்குள் இருக்கிறது. விழுந்த ஷாஹெட்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதற்குள் கண்டது பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சாதாரண மின்னணுப் பொருட்களுக்காகச் செய்த சிப்களை. எஞ்சினும் ஒரு ஜெர்மன் சிறு விமான எஞ்சினைப் பார்த்துச் செய்த நகல்.

ஒரு ஷாஹெட்டின் விலையை இருபதாயிரத்தில் இருந்து ஐம்பதாயிரம் டாலர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். நம் பணத்தில் 17 லட்சத்தில் இருந்து 45 லட்சம். குறைந்த பக்கத்தில் பார்த்தால் இரண்டு டிராக்டர் விலை. இதைச் சுட்டு வீழ்த்த அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை ஒன்றை விட்டால் அதன் விலை சுமார் 40 லட்சம் டாலர், ஏறக்குறைய 35 கோடி ரூபாய். ஒன்று தவறினால் என்று இரண்டு விடுவதும் வழக்கம்.

பெரியப்பா இந்த இடத்தில் என்னை நிறுத்தினார். “இருப்பா. அப்ப சுட்டு விழுத்துனாலும் நமக்குத்தான நட்டம்?”

அதேதான். வந்தது ஒன்றும் தாக்காமல் விழுந்தாலும், ஏவியவனுக்கு அரைக் கோடிக்குள் போச்சு. தடுத்தவனுக்குப் பல கோடி. மேலும் ஏவுகணையை மாதக்கணக்கில் செய்கிறார்கள். ட்ரோனைத் தொழிற்சாலையில் வரிசையாக உருட்டித் தள்ளுகிறார்கள். 2025 ஜூலை 9 அன்று ஒரே இரவில் 728 ட்ரோன்கள் வந்ததாக உக்ரைன் விமானப்படை சொன்னது. அதில் கணிசமானவை வெடிமருந்தே இல்லாத போலிகள், தெர்மகோல், பிளைவுட் மாதிரிப் பொருட்களில் செய்தவை. எது அசல் எது போலி என்று ராடாரில் தெரியாது. தெரியாதவரை எல்லாவற்றையும் சுட்டாக வேண்டும். கிடங்கில் ஏவுகணை தீர்ந்த இரவில் உண்மையான பெரிய ஏவுகணைகள் வரும்.

எங்கள் ஊரில் யாரும் மறக்காத ஒரு தேதியைச் சொல்கிறேன். 2025 மே 8. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம். காலையில் தாலி மாற்றிக்கொண்ட பெண்கள் மஞ்சள் கயிறும் குங்குமமுமாக மாசி வீதிகளில் நிறைந்திருந்த நாள். அதே நாள் இரவில் வடக்கே, லடாக்கின் லே நகரில் இருந்து குஜராத்தின் சர் கிரீக் வரை 36 இடங்களில் பாகிஸ்தானின் 300 முதல் 400 ட்ரோன்கள் எல்லை தாண்ட முயன்றதாக மறுநாள் இந்திய ராணுவம் சொன்னது. அவற்றின் நோக்கத்தில் ஒன்று நம் வான்பாதுகாப்பைச் சோதித்து, எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. ராடாரை முடுக்கினால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். சுட்டால் துப்பாக்கி இருக்கும் இடம் தெரிந்துவிடும். அன்று பெரிதும் கைகொடுத்தவற்றில் பழைய எல்-70 பீரங்கிகளும் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கி, புதிய ராடாரும் கேமராவும் பொருத்திப் புதுப்பித்தவை. பீரங்கிக் குண்டு மலிவு. மலிவானதை மலிவானதால் அடிக்க வேண்டும் என்ற பாடத்தை நம் ராணுவம் கையில் இருந்த பழைய சாமானை வைத்தே செய்து காட்டியது என்பதில் எனக்குப் பெருமைதான்.

ராடார் இருந்தும் ஏன் தப்பித்து வருகின்றன? இரண்டு காரணம். மெதுவாகப் பறக்கும் சின்னப் பொருளைப் பறவை என்று நினைத்துத் திரையில் காட்டாமல் விடும்படி பழைய ராடார்களை அமைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் கண்மாயில் இருந்து கொக்குக் கூட்டம் கிளம்பும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். இன்னொன்று பூமியின் வளைவு. தரையில் நின்றால் எட்டாத தூரம் யானைமலை உச்சியில் ஏறினால் கண்ணுக்கு எட்டுகிறதல்லவா? நூறு மீட்டர் உயரத்தில் பறந்து வருவது, தரையில் உள்ள ராடாருக்குச் சுமார் 50 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தென்படும். மதுரைக்கும் சிவகங்கைக்கும் உள்ள தூரம். அதன் பிறகு கால் மணி நேரம்தான் இருக்கிறது.

உக்ரைன் இதற்குச் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை. கம்பங்களில் மைக் கட்டிவிட்டார்கள். நாடு முழுவதும் சுமார் பத்தாயிரம். ஒன்றின் விலை ஐந்நூறு டாலர்கூட இல்லை. அந்த மொபெட் சத்தம் எந்தக் கம்பத்தில் முதலில் கேட்டது, அடுத்து எந்தக் கம்பத்தில் கேட்டது என்று கணினி கோடு இழுக்கும். எந்தத் திசையில், எந்த ஊரை நோக்கி வருகிறது என்று தெரிந்ததும், பிக்கப் வண்டியில் இயந்திரத் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் குழுவுக்குத் தகவல் போகிறது. அவர்கள் வழியில் நின்று சுடுகிறார்கள். பால்காரர் வண்டிச் சத்தத்தை வைத்து, ‘இப்ப மூணாவது தெருவுல நிக்கிறாரு, நம்ம வீட்டுக்கு வர அஞ்சு நிமிஷம்’ என்று அம்மா சொல்வதைப் போலத்தான்.

அடுத்து வந்தது ட்ரோனை ட்ரோனால் அடிப்பது. சில ஆயிரம் டாலரில், ஷாஹெட்டைவிட வேகமாகப் பறந்து போய் அதன் மீது மோதும் சின்ன ட்ரோன்கள். இதில் தடுப்பவரின் செலவு, தாக்குபவரின் செலவைவிடக் குறைகிறது. உடனே ரஷ்யா காற்றாடிக்குப் பதில் ஜெட் எஞ்சின் வைத்த வேகமான வகையை இறக்கியது. ஆனால் ஜெட் வைத்தால் விலை ஏறும். இந்த இழுபறி இன்னும் ஓய்ந்தபாடில்லை. அமெரிக்காவும் இப்போது ஷாஹெட்டைப் போலவே ‘லூகாஸ்’ என்று ஒன்றைச் செய்திருக்கிறது, சுமார் 35,000 டாலரில்.

நம் ஊரில் ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி நாட்டின் வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்திருக்கிறது. மதுரை விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் சிலர் இதை வீண் கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறார்கள். கீழே இருந்து பார்க்கும் காவலருக்கு, மேலே பறப்பதில் இருப்பது கேமராவா வேறு எதுவுமா என்று தெரிய வழியில்லை, தம்பி. அதனால்தான்.

எல்லாம் கேட்டு முடித்து, பெரியப்பா வெற்றிலையை மடித்தபடி ஒரு கேள்வி கேட்டார். ஆயுதங்களைப் பற்றி நான் வாசித்த எத்தனையோ கட்டுரைகளில் எழுதியவர்கள் கேட்காமல் விட்டது அது.

“சரிப்பா, மேலயே வச்சு அடிச்சிட்டாங்க. அந்தத் துண்டு எங்கிட்டு விழும்?”

விழும் இடத்தில் விழும். உடைந்த உடலும் எஞ்சினும் மிச்ச எரிபொருளும், சில நேரம் வெடிக்காத மருந்தோடு. ஊருக்கு வெளியே வயல்வெளியிலேயே வீழ்த்தப் பார்க்கிறார்கள். எல்லா நேரமும் முடிவதில்லை. வெற்றிகரமாகத் தடுத்தோம் என்று அறிவித்த இரவுகளிலும் சிதறல் விழுந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். உக்ரைனில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு விதி உண்டு: சைரன் அடித்துப் பதுங்கிடத்துக்குப் போக முடியாவிட்டால், உனக்கும் வெளித் தெருவுக்கும் நடுவில் இரண்டு சுவராவது இருக்க வேண்டும். ஒரு சுவர் அடியைத் தாங்கும், இரண்டாவது சுவர் உடைந்த கண்ணாடியையும் கல்லையும் தடுக்கும். ஜன்னல் பக்கம் நிற்கவே கூடாது.

அன்று ராத்திரி பெரியப்பா மகனுக்குப் போன் போட்டார். சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா எல்லாம் கேட்டுவிட்டு, ரூமில் அவன் கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டார். ஜன்னலோரம் என்றான். இப்பவே தள்ளிப் போடு என்றார். கட்டில் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.